பொருள்: 'ஸ்டெடி ஸ்டேட்' தோராயத்துக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

அனுப்பியவர்: கல்லூரி வேதியியல் ஆசிரியை

குழுமத்தாருக்கு வணக்கம்.

இளங்கலைத் தமிழ்வழி மாணவர்களுக்கு வினைவேகவியல் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். வினைவழிமுறையிலிருந்து (வினை நடக்கும் படிகளின் வரிசை) வேக விதியை (வினையின் வேகத்தைச் செறிவுகளால் சொல்லும் சமன்பாடு) வருவிக்கும் இடத்தில் ஒரு சொல்லுக்காக நின்றுவிட்டேன்.

எடுத்துக்காட்டு இது. இரண்டு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகள் சேர்ந்து டைநைட்ரஜன் டைஆக்சைடு ஆகின்றன. அது வந்தபடியே பிரிந்துவிடலாம், அல்லது ஆக்சிஜனோடு மோதி நைட்ரஜன் டைஆக்சைடாகலாம். நடுவில் தோன்றும் அந்தச் சேர்மத்தின் செறிவு வேக விதியில் இருக்கக் கூடாது. அதனால் அது உருவாகும் வேகமும் அழியும் வேகமும் ஏறக்குறையச் சமம் என்று கொண்டு அதை நீக்குகிறோம். 1913இல் மாக்ஸ் பொடன்ஸ்டைன் கையாண்ட வழி.

வகுப்பில் இதை 'மாறாநிலை' என்றேன். ஒரு மாணவி எழுந்து, "சமநிலையிலும் செறிவு மாறாதே மேடம், அப்போ ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டாள். விளக்கி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. பாதி விளக்கத்தைச் சொல்லே தந்திருக்க வேண்டும். உதவுங்கள்.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்

அம்மா, வணக்கம். எனக்கு வேதியியல் மறந்துபோய் நெடுநாள் ஆகிறது. ஆனால் நீங்கள் சொல்வது எனக்குத் தெரிந்த காட்சி. ஏரியில் நீர் நிற்கும். வாய்க்காலில் நிற்காது, தலைப்பில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு கடைமடைக்குப் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் நடுச்சேர்மம் வாய்க்கால் நீர். அது தேங்குவதில்லை. 'தேங்காநிலை' என்று சொல்லலாமே?

வள்ளுவர் 478ஆம் குறளில் வரவுக்கு ஆகாறு, செலவுக்குப் போகாறு என்று இரண்டு சொல் வைத்திருக்கிறார். இரண்டும் ஒத்திருக்கும் நிலைதானே இது?

---

அனுப்பியவர்: தமிழ்ப் பேராசிரியர்

பொறியாளர் ஐயா தந்த சொல் இலக்கணத்துக்கு முழுக்க உட்பட்டது. தேங்கா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'தேங்காநிலைத் தோராயம்' என்று வலி மிகுத்து எழுத வேண்டும்.

ஆகாறு, போகாறு பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இங்கே ஆறு என்றால் வழி. நதிக்கும் நெறிக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பவர்கள் நாம். ஆற்றுப்படை என்பதும் வழிப்படுத்துவதுதான். ஆகவே 'ஒத்தாறு' என்ற சொல்லையும் முன்வைக்கிறேன். இரண்டு வழிகளும் ஒத்த நிலை, ஒத்தாறு.

அம்மையார் அந்த நடுச்சேர்மத்தை என்ன பெயரால் அழைக்கிறார்? 'இடைநிலை' என்றால் எனக்கு வருத்தம். பகுபதத்தில் இடைநிலை முடிந்த சொல்லிலும் இருக்கும். 'செய்தான்' என்பதில் தகர ஒற்று எங்கும் போய்விடவில்லை. உங்கள் சேர்மமோ விளைபொருளில் இல்லை. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் சொல்லும் விகாரங்களில் இது தோன்றிக் கெடுவது. 'தோன்றுகெடு சேர்மம்' என்றால் பொருள் துல்லியமாகும்.

---

அனுப்பியவர்: யாழ்ப்பாணத்து ஆசிரியர்

வணக்கம். நாங்கள் வினை என்று சொல்வதில்லை, தாக்கம் என்போம். வேகம் எங்களுக்குத் தாக்கவீதம், வழிமுறை பொறிமுறை. தோராயம் என்ற இடத்தில் அண்ணளவாக்கம் வரும். ஏற்கெனவே இரண்டு கரைப் பிள்ளைகளும் ஒருவர் புத்தகத்தை மற்றவர் வாசிக்கத் திணறுகிறார்கள். இதில் மூன்றாவதாக ஒரு புதுச்சொல் தேவையா? நான் 'உறுதிநிலை' என்றே படிப்பித்து வருகிறேன். பௌதிகத்தில் கோலின் வழியே வெப்பம் கடத்தப்படும்போதும் அதே சொல்தான். பிள்ளை ஒரு சொல்லோடு இரண்டு பாடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பேராசிரியர் ஐயாவின் 'தோன்றுகெடு' அழகு. ஆனால் தாக்கத்தை விரைவுபடுத்தும் ஊக்கியை என்ன செய்வது? அதுவும் விளைவில் இல்லை. அது முதலில் உள்ளே போய்க் கடைசியில் வெளியே வரும். இது நடுவில் பிறந்து நடுவிலேயே அழியும். இந்த வேறுபாட்டைப் பரீட்சையில் கேட்பார்கள்.

இன்னொன்று, 'தேங்காநிலை' என்று வகுப்பில் சொன்னால் பின்வாங்கில் இருப்பவருக்குத் தேங்காய் என்றுதான் கேட்கும்.

---

அனுப்பியவர்: கல்லூரி வேதியியல் ஆசிரியை

நேற்று இரவு எல்லா மடல்களையும் வைத்துக்கொண்டு பாடத்தைத் திரும்ப எழுதிப் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்து ஐயா, 'உறுதி' என்னைத் தடுக்கிறது. இந்தச் சேர்மம் கொஞ்சமும் உறுதியற்றது, அதனால்தான் குவியாமல் போகிறது. அதன் பக்கத்தில் உறுதி என்று எழுதினால் நிலைப்புத்தன்மை உடையது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கோலில் ஒவ்வோர் இடத்தின் வெப்பநிலையும் உண்மையிலேயே மாறாமல் நிற்கிறது. இங்கே அப்படி இல்லை. வினைபொருள் குறையக் குறைய நடுச்சேர்மமும் மெல்லக் குறையும். குறையும் அந்த வேகம், உருவாகும் வேகத்தோடு ஒப்பிட்டால் புறக்கணிக்கத் தக்கது, அவ்வளவுதான். 'மாறாநிலை' தவறாவதும் இதனால்தான்.

தேங்கவில்லை என்பது மட்டும் எப்போதும் உண்மை. தொடக்கத்தில் வாய்க்கால் நனையும் அந்தச் சிறு நேரத்தைத் தவிர.

மாணவியின் கேள்விக்கு விடை ஆகாறு, போகாறில்தான் கிடைத்தது. சமநிலையில் வந்த வழியே திரும்புகிறது. இங்கே ஒரு வழியாக வந்தது இன்னொரு வழியாகவும் வெளியேறுகிறது, அதனால் விளைபொருள் உருவாகிக்கொண்டே இருக்கிறது. இதைப் பாடத்தில் எழுதிவிட்டேன்.

இரண்டு வழிகளையும் வைத்து வருவித்தால் வேக விதிப் பின்னத்தின் பகுதியில், அதாவது கீழ்ப்பாகத்தில், இரண்டு உறுப்புகள் வரும்: ஒன்று திரும்பிப் பிரிவதற்கு, மற்றது ஆக்சிஜனோடு சேர்வதற்கு. திரும்பிப் பிரிவது மிக விரைவாக இருந்தால் இரண்டாவதை விட்டுவிடலாம். அப்போது வேகம் நைட்ரிக் ஆக்சைடு செறிவின் இருமடிக்கும் ஆக்சிஜன் செறிவுக்கும் நேர்விகிதமாகிறது. ஆய்வில் காண்பதும் இதுவே. இந்த எல்லைக்கு 'முன்சமநிலை' என்ற சொல்லை யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சூடாக்கினால் இந்த வினை மெதுவாகிறது என்பதும் இதில் அடங்கிவிடுகிறது: வெப்பம் கூடும்போது நடுச்சேர்மம் திரும்பிப் பிரியும் பக்கம் சமநிலை சாய்கிறது.

'தேங்காய்' குறையை நானும் ஒத்துக்கொள்கிறேன். கரும்பலகையில் எழுதிக்காட்டிவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

---

அனுப்பியவர்: தமிழ்ப் பேராசிரியர்

மகிழ்ச்சி. 'ஒத்தாறு' பற்றி ஒரு வரியும் இல்லையே அம்மா?

---

அனுப்பியவர்: கல்லூரி வேதியியல் ஆசிரியை

மன்னியுங்கள் ஐயா. 'ஒத்த' என்றதும் மாணவர்கள் மறுபடி சமநிலைக்கே போய்விடுவார்கள். அந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வரத்தான் இவ்வளவும். நடுச்சேர்மத்துக்கு 'இடைவிளைபொருள்' என்று எழுதியிருக்கிறேன். அது உருவாகும் படியில் அதுவும் விளைபொருள்தானே.

---

அனுப்பியவர்: யாழ்ப்பாணத்து ஆசிரியர்

அம்மா சொன்ன காரணங்களை ஏற்கிறேன், சொல்லை இன்னும் ஏற்கவில்லை. என் வகுப்பில் உறுதிநிலைதான். ஆனால் இரண்டு ஆறுகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். முடியுமானால் உங்கள் புத்தகத்தில் முதல் தடவை வரும் இடத்தில் 'உறுதிநிலை என்றும் வழங்கும்' என்று ஒரு குறிப்புப் போடுங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு உதவும்.

---

அனுப்பியவர்: கல்லூரி வேதியியல் ஆசிரியை

போட்டுவிட்டேன் ஐயா. கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது: 'தேங்காநிலைத் தோராயம்'.

---

அனுப்பியவர்: தமிழ்ப் பேராசிரியர்

தோராயத்தை ஏன் விட்டுவைத்தீர்கள்? அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்மையும் அதிலிருந்து வந்ததே. யாழ்ப்பாணத்தார் சொல்லும் அண்ணளவு இங்கே மிகப் பொருத்தம். இரண்டாம் பதிப்புக்காவது எண்ணிப் பாருங்கள். இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.