என்.ஐ.டி. மேட்ச் (திருச்சி இல்லீங்க!) பார்க்கப் போகலாமா?

நெல்லைப் பையன்:
எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்து முதல் வருஷம். எங்க யூனிவர்சிட்டி பாஸ்கெட்பால் டீமுக்கு மார்ச் மேட்னஸ்ல (காலேஜ் டீம்களோட பெரிய தேசியப் போட்டி) இடம் கிடைக்கல, அதுல இடம் கிடைக்காதவங்க ஆடுற என்.ஐ.டி. போட்டியில ஆடுறாங்க. முதல் மேட்ச் எங்க கேம்பஸ்லயே. "அது 69-வது இடத்துக்கான போட்டிடா"ன்னு ரூம்மேட் நக்கல் அடிக்கிறான். டிக்கெட் எடுக்கலாமா?

இண்டியானா மாமா:
கண்ணை மூடிட்டு எடுங்க தம்பி. என்.ஐ.டி. 1938-ல ஆரம்பிச்சது. உங்க ரூம்மேட் தலையில தூக்கி வச்சு ஆடுற என்.சி.ஏ.ஏ. போட்டி, அதான் மார்ச் மேட்னஸ், அடுத்த வருஷம்தான் வந்துச்சு. 1970-ல மார்க்வெட் யூனிவர்சிட்டி கோச் ஆல் மெக்குவயர், என்.சி.ஏ.ஏ. தன் டீமை வேற பிராந்தியத்துல போட்டுட்டாங்கன்னு கோபப்பட்டு, அந்த அழைப்பையே வேணாம்னுட்டு என்.ஐ.டி. ஆடி ஜெயிச்சவர்.

அது பழங்கதைன்னா 2024-ஐ எடுத்துக்கோங்க. இண்டியானா ஸ்டேட், பாஸ்கெட்பால் ஜாம்பவான் லேரி பேர்ட் படிச்ச காலேஜ். 28 ஜெயிச்சு 6 தோத்த டீம். கான்ஃபரன்ஸ் (சில காலேஜ்கள் சேர்ந்து ஆடுற லீக்) ஃபைனல்ல டிரேக் யூனிவர்சிட்டி கிட்ட 84-80-ன்னு சறுக்கினாங்க, அவ்வளவுதான், என்.சி.ஏ.ஏ.வோட 68 அணியில இடம் இல்லைன்னுட்டாங்க. பெரிய கான்ஃபரன்ஸ் டீம் பத்து மேட்ச் தோத்தாலும் உள்ள போயிடும். சின்ன கான்ஃபரன்ஸ்னா கோப்பையை ஜெயிச்சாதான் கதவு திறக்கும். எனக்கு இன்னும் ஆறல.

ஆனா அந்தப் பசங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கல. கண்ணாடி மாட்டிக்கிட்டு ஆடுவானே ராபி அவிலா, கூடைப் பக்கத்துல ஆடுற சென்டர் பொசிஷன்ல நின்னு, ஆட்டத்தை நடத்துற பாயின்ட் கார்டு மாதிரி பாஸ் போடுவான்! செமிஃபைனல்ல யூட்டாவுக்கு எதிரா 100 பாயின்ட். அது ஹின்கிள் ஃபீல்ட்ஹவுஸ்ல, 1928-ல கட்டின அரங்கம். காலேஜ் இருக்கிற டெரி ஹோட் ஊரிலிருந்து ஜனம் திருவிழாவுக்கு வர்ற மாதிரி வந்துச்சு.

ஜெர்சிவாசி:
ஃபைனல் ரிசல்ட்டை மட்டும் சாமர்த்தியமா விட்டுட்டீங்களே மாமா! 79-77, ஜெயிச்சது எங்க சீட்டன் ஹால் யூனிவர்சிட்டி. பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ்ல 13 ஜெயிச்சும் கழட்டிவிடப்பட்டவங்கதான் நாங்களும். ஆனா ரூம்மேட் சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. அதே வருஷம் செயின்ட் ஜான்ஸ், பிட்ஸ்பர்க், ஒக்லஹோமா எல்லாம் என்.ஐ.டி. வேணாம்னு ஒதுங்கிட்டாங்க.

இண்டியானா மாமா:
அந்த 79-77 எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நன்றி. ஒதுங்கினவங்க சங்கதி வேற. சீசன் முடிஞ்சதும் பாதிப் பசங்க வேற காலேஜுக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல பேர் குடுத்துடறாங்க, அப்புறம் யாரை வச்சு ஆடுறது? அவிலாவே சீசன் முடிஞ்சதும் கோச் பின்னாடி செயின்ட் லூயிஸ் யூனிவர்சிட்டிக்குப் போயிட்டான்.

தம்பி, அதனால முதல்ல உங்க டீம்ல யார் யார் ஆடுறாங்கன்னு பாருங்க. முக்கியமானவங்க இருந்தா ஸ்டூடன்ட் டிக்கெட் கேளுங்க, கூடைக்குப் பின்னாடி நின்னு எதிர் டீம் ஃப்ரீ த்ரோ போடும்போது கத்தலாம். தோத்தா அன்னிக்கே சீசன் முடிஞ்சுது, அடுத்த சான்ஸ் நவம்பர்லதான்.

நெல்லைப் பையன்:
எடுத்தாச்சு மாமா. ரூம்மேட்டுக்கும் சேர்த்து, அவன் காசுலயே.