தலையில் நடந்ததை நான் விளங்கிக்கொண்ட விதம்

அடுத்த மாதம் மூளைச் சத்திரசிகிச்சைக்குப் போகவிருக்கும் சகோதரி, நோயைவிட அதைப் பற்றி ஒன்றும் விளங்காமல் இருப்பதே தமக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். நானும் அந்த நிலையில் இருந்தவள் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

நான் மானிப்பாயில் வீட்டிலிருந்து தையல் வேலை செய்பவள். ஒரு நாள் காலையில் பிட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது என் வலக்கைப் பெருவிரல் தானாகத் துடிக்கத் தொடங்கியது. துடிப்பு மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் நின்றது. நினைவு தப்பவில்லை, தேங்காய்ப் பாதி கையிலிருந்து நழுவி உருண்டு போனதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அதன் பின்னர் அரை மணி நேரம் அந்தக் கையால் ஒரு குவளையைக்கூடத் தூக்க முடியவில்லை. அதுவும் ஒரு வகை வலிப்பு என்பதை வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன். வலக்கையை இயக்குவது மூளையின் இடப்பக்கம் என்பதால், இடப்பக்கத்தில் ஏதோ இருக்க வேண்டும் என்று ஸ்கான் எடுக்க முன்னரே அவர் சொல்லிவிட்டார்.

எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது மெனிஞ்சியோமா என்னும் கட்டி. "மூளைக்குள்ள இல்லை அம்மா, மூளையைப் போர்த்தியிருக்கிற உறையில வளர்ந்திருக்கு. வெளியில இருந்து மூளையை நெருக்குது" என்று அவர் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது. இவ்வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும், ஆண்களைவிடப் பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதையும், மெல்ல வளர்வதால் சிலருக்குச் சத்திரசிகிச்சை செய்யாமல் கண்காணித்தாலே போதும் என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார்.

சத்திரசிகிச்சை கொழும்பில் நடந்தது. அதற்கு முதல் நாள் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு தாளில் மண்டையோட்டை வரைந்து, கொழும்பில் படிக்கும் என் மகள் மொழிபெயர்க்க, எங்கே வெட்டுவார் என்று காட்டினார். தோலை விலக்கி, எலும்பில் ஒரு துண்டை மூடிபோல் அறுத்தெடுத்து, உறையைத் திறந்து, கட்டியை அகற்றிய பின் அதே எலும்பைச் சிறு உலோகத் தகடுகளாலும் திருகாணிகளாலும் பொருத்துவார்கள். மூளைக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லை. நோவது பெரும்பாலும் தோலும் தசையும்தான். கை சில காலம் பலவீனமாகலாம், இரத்தம் கசியலாம், கிருமி தொற்றலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவை எல்லாவற்றையும் கேட்ட பிறகே சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கொரு தடவை தாதி என்னை எழுப்பி, கண்ணில் ரோர்ச் வெளிச்சம் அடித்து, சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை, மயக்கமும் தெளியாததால் பேசாமல் கிடந்தேன். சிறிது நேரத்தில் வைத்தியர்கள் கூடினார்கள். நடு இரவில் என்னைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு சி.ரி. ஸ்கானுக்குப் போனார்கள். மூளையில் கசிவு எதுவும் இருக்கவில்லை. காலையில் தமிழ் தெரிந்த இளம் வைத்தியர் ஒருவர் வந்து, "அம்மா, உங்கட பெயர் என்ன?" என்று கேட்டதும் உடனே பதில் சொன்னேன்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது. நோயாளியின் நினைவுத் தெளிவை அளக்க 1974இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர்கள் இருவர் வகுத்த அளவுகோலின்படி கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். புள்ளி குறைந்தால் உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று ஐயப்பட வேண்டும். நான் பேசாதிருந்ததால் பேச்சுக்குரிய புள்ளி அடிமட்டத்துக்குப் போயிருந்தது. தாதி தன் கடமையைச் சரியாகவே செய்தார். ஆனால் கேள்வி விளங்காத நோயாளிக்கு அந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும்? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் டாக்டர் கிறீன் எங்கள் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தவர். அந்த ஊரிலிருந்து போன எனக்கு இப்படி நேர்ந்ததே என்று அந்தக் கட்டிலில் கிடந்தபடி மனம் நொந்தேன்.

இழையப் பரிசோதனையில் கட்டி முதலாம் தரம், அதாவது புற்றுநோய் அல்லாத வகை, என்று வந்தது. வீக்கம் வற்றக் கொடுத்த டெக்சாமெதசோன் குளிசையால் இரத்தத்தில் சீனி ஏறி, குளிசை நின்ற பின் இறங்கியது. வலக்கை ஏறத்தாழ இரண்டு மாதம் சோர்ந்திருந்தது; உடற்பயிற்சி சிகிச்சையால் படிப்படியாகத் தேறி, இப்போது ஊசியில் நூல் கோர்க்கிறேன். தழும்பைச் சுற்றி மட்டும் இன்னும் மரத்துப்போயிருக்கிறது. வலிப்புக் குளிசையை நானாக நிறுத்தவில்லை. கிணற்றடிக்குத் தனியே போகக் கூடாது என்று வைத்தியர் சொன்னதையும் இன்றுவரை மீறவில்லை.

தமிழ் தெரிந்த வைத்தியர் வந்த அன்று காலையே மகள் நான்கு வசனங்களைத் தமிழில் உச்சரிக்கும்படி சிங்கள எழுத்தில் எழுதி, என் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினாள். அடுத்த தடவை தாதி அதைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தார். நான் பதில் சொன்னதும் என் தோளைத் தட்டினார். அந்தத் தாள் இன்னும் என் கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது. சகோதரி விரும்பினால் பிரதி எடுத்து அனுப்புவேன். அதில் இருப்பவை இவைதாம்: உங்கள் பெயர் என்ன? இப்போது எங்கே இருக்கிறீர்கள்? இது எந்த மாதம்? என் விரல்களை இறுக்கிப் பிடியுங்கள்.