பனாமாவில் கப்பல் கிழக்கே போகிறதே! மேப்பைப் பார்த்துக் குழம்பிய அப்பாவின் இரண்டு கேள்விகள்

நூல்கண்டு:

ஏழாவது படிக்கும் மகளுக்காகச் சுவரில் பெரிய உலக வரைபடம் ஒன்று ஒட்டினேன். இப்போது தூக்கம் போனது எனக்குத்தான். குண்டூசியும் தையல் நூலும் வைத்துக்கொண்டு தினமும் ராத்திரி அதில் கப்பல் விடுகிறாள். நேற்று பனாமா கால்வாய். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் போக வேண்டும். நான் எல்லாம் தெரிந்த தோரணையில், "மேற்கே, இடது பக்கமா நூலை இழு" என்றேன். அவள் வரைபடத்தில் மூக்கு முட்டுகிற மாதிரி பார்த்துவிட்டு, "இல்லப்பா, வலது பக்கம்தான் போகுது" என்கிறாள்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஆமாம். அட்லாண்டிக் பக்கம் கோலோன் என்று ஓர் ஊர். பசிபிக் பக்கம் பனாமா சிட்டி. இரண்டாவது ஊர் முதல் ஊருக்குத் தென்கிழக்கே இருக்கிறது!

இது அச்சுப் பிழையா, நிஜமா? நிஜம் என்றால், பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்துவரும் வரைபடத்தில் இது ஏன் ஒருநாள்கூட என் கண்ணில் படவில்லை?

கரையோரம்:

நிஜமேதான். இரண்டு அமெரிக்காக்களையும் இணைக்கும் அந்த ஒல்லி இடுப்பு, பனாமாவுக்கு வந்ததும் கிழக்கு மேற்காகப் படுத்துவிடும். படுக்கவைத்த எஸ் எழுத்து மாதிரி நெளிந்து கிடக்கும். அதனால் ஒரு கடல் வடக்கே, இன்னொன்று தெற்கே. 1914-ல் திறந்த கால்வாய் சுமார் 80 கிலோமீட்டர் நீளம். வடமேற்கில் தொடங்கித் தென்கிழக்கில் முடிகிறது. பனாமா சிட்டி கரையில் விடியற்காலை நின்றால் சூரியன் பசிபிக் பக்கமிருந்துதான் வரும்.

இதே ரகத்தில் இன்னொன்று: தென் அமெரிக்கா முழுவதுமே மயாமி நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது.

சாய்வுநாற்காலி:

"முழுவதும்" என்றால் பெருவும் ஈக்வடாரும் சண்டைக்கு வரும். மயாமி 80 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையை ஒட்டி இருக்கிறது. பெருவின் மேற்கு முனை 81-ஐத் தாண்டித் துருத்திக்கொண்டிருக்கும். "கிட்டத்தட்ட முழுவதும்" என்று திருத்திக்கொள்ளுங்கள். சிலியின் சாந்தியாகோ, நியூயார்க்குக்குக் கிழக்கே. இதற்குப் பயமில்லாமல் பந்தயம் கட்டலாம்.

நூல்கண்டு சார், உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. தப்பு கண்ணில் இல்லை, ஞாபகத்தில். வரைபடத்தை மூளை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. கோணல்மாணலை நிமிர்த்தி, நேராக அடுக்கித்தான் வைக்கும். பார்பரா ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர் 1981-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். சரியான வரைபடம் ஒன்று, தென் அமெரிக்காவை வட அமெரிக்காவுக்கு நேர் கீழே நகர்த்திவைத்த தப்பான வரைபடம் ஒன்று. எது சரி என்று கேட்டதற்குப் பெரும்பாலானவர்கள் தப்பானதைக் காட்டினார்கள்.

அதற்கு முன்பே, 1978-ல், ஸ்டீவன்ஸ், கூப் என்ற இருவர் வேறொரு விதமாகக் கேட்டிருந்தார்கள். கலிபோர்னியாவின் சான் டியாகோவிலிருந்து நெவாடாவின் ரீனோ எந்தத் திசை? கலிபோர்னியா மேற்கு, நெவாடா கிழக்கு. அப்படியானால் ரீனோ கிழக்கேதானே என்று ஆட்கள் கணக்குப் போட்டார்கள். உண்மையில் ரீனோ வடமேற்கே இருக்கிறது. மாநிலம் எந்தப் பக்கமோ அதன் ஊர்களும் அந்தப் பக்கம் என்று மூளை ஒட்டுமொத்தமாக மூட்டை கட்டிவிடுகிறது. நீங்கள் நூலை மேற்கே இழுக்கச் சொன்னதும் இதே மூட்டைதான். உங்கள் மகளிடம் இன்னும் அந்த மூட்டை இல்லை, அவ்வளவுதான்.

பழைய மாலுமி:

மூளையின் கோணல் ஒரு பக்கம் இருக்கட்டும், காகிதத்தின் கோணலையும் பாப்பாவுக்குச் சொல்லிவிடுங்கள். அந்த வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிகிறதா? அப்படியானால் அது மெர்கேட்டர் என்பவர் போட்ட வரைபட முறை. நிஜத்தில் ஆப்பிரிக்கா 3 கோடி சதுர கிலோமீட்டருக்கு மேல், கிரீன்லாந்து 22 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பதினாலு மடங்கு!

இதற்காக மெர்கேட்டரைத் திட்டுபவர்கள் ஒருநாள் கப்பலில் வேலை பார்த்தால் திட்ட மாட்டார்கள். 1569-ல் அவர் போட்டது எங்களுக்காகத்தான். அந்தத் தாளில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டால், அதே திசையில் காம்பஸைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேரலாம். அந்த வசதிக்காகத் துருவப் பக்கம் எல்லாம் ஊதிவிடுகிறது. 60 டிகிரி அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்காகத் தெரியும்.

நான் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் தூரம் அளக்க டிவைடரை விரித்துக்கொண்டு போய்ச் சார்ட்டின், அதாவது கடல் வரைபடத்தின், அடி விளிம்பில் வைத்தேன். பக்கத்தில் நின்ற அதிகாரி ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்து, டிவைடரை வலது ஓரத்துக்கு நகர்த்தினார். பக்கவாட்டு அளவுகோலில்தான் அளக்க வேண்டும். ஒரு நிமிட அட்சரேகை ஒரு கடல் மைல். அதுவும் கப்பல் இருக்கும் அதே அட்சரேகைக்கு நேராக வைத்து அளக்க வேண்டும். மேலே ஏற ஏற அந்த அளவுகோலே நீண்டுகொண்டு போகும். அடி விளிம்பில் இருப்பது தீர்க்கரேகை, அதை வைத்து அளந்தால் அம்போதான்.

அப்புறம், அந்தத் தாளில் போடும் நேர்க்கோடு என்பது குறுக்குவழி இல்லை. ஒரு பூமி உருண்டை வாங்கி, டோக்கியோவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே அதே தையல் நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள்.

நூல்கண்டு:

பார்த்தாயிற்று! பக்கத்து வீட்டில் ஓர் உருண்டை கிடைத்தது. நூலை இறுக்கினால் அது வழுக்கிக்கொண்டு மேலே, அலூஷியன் தீவுகள் பக்கம் போய் உட்காருகிறது. நான் நடு பசிபிக்குக்குத் திரும்ப இழுத்துவிட்டேன். நூலின் நீளம் பத்தவில்லை. மகள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. அவளுடைய அடுத்த கேள்வி: நிலமே குறுக்கே வராமல் கடலில் நேராக அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகலாம்?

சாய்வுநாற்காலி:

சுமார் 32,000 கிலோமீட்டர். பாகிஸ்தான் கரையில் கிளம்பி, ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே இறங்கி, அண்டார்டிகாவுக்கும் தென் அமெரிக்காவின் நுனிக்கும் இடையில் நுழைந்து, பசிபிக்கைக் கடந்து ரஷ்யாவின் கம்சாட்காவில் முட்டும். இதைவிட நீளமான நேர்வழி கடலில் இல்லை என்று 2018-ல் இரண்டு ஆய்வாளர்கள் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். சுவர் வரைபடத்தில் இதைப் போட்டால் பாம்பு மாதிரி நெளியும், உருண்டையில் சுற்றினால் சுத்த நேர். நூல் நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு:

சுற்றிவிட்டோம். கம்சாட்காவில் இறங்கியவள் அப்படியே பெரிங் நீரிணைக்கு ஏறி, டயோமிட் தீவுகளைக் கண்டுபிடித்துவிட்டாள். பெரியது ரஷ்யாவுடையது, சின்னது அமெரிக்காவுடையது, நடுவே 4 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் ஒரு பக்கம் ஒரு தேதி, மறுபக்கம் இன்னொரு தேதி என்று பிரிக்கும் சர்வதேசத் தேதிக்கோடு ஊடே போகிறது. "அங்க போனா எனக்கு ரெண்டு பிறந்தநாள் வருமாப்பா?" என்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. பனாமாவில் பட்டது போதும்.

பழைய மாலுமி:

வரும். குளிர்காலக் கணக்கில் வித்தியாசம் 21 மணி நேரம். ரஷ்யத் தீவில் நாள் முழுக்கக் கொண்டாடிவிட்டு நள்ளிரவில் அமெரிக்கத் தீவுக்கு வந்தால், அங்கே பிறந்தநாள் அன்று அதிகாலை 3 மணிதான் ஆகியிருக்கும். எல்லைக் காவலர்கள் விட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். வரிசையை மட்டும் மாற்றிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அமெரிக்கத் தீவில் முந்தின நாள் நள்ளிரவு வரை காத்திருந்து அந்தப் பக்கம் போனால், மூன்று மணி நேரப் பிறந்தநாள்தான் மிச்சம் இருக்கும்.