மண் நிரப்பும் கம்பிவலைக் கூடைகள்: 60 மீட்டர் வெள்ளத் தடுப்புக்கு எவ்வளவு மண், எப்படி வைப்பது?

தாங்கல் (கேள்வி):

வணக்கம். முடிச்சூர் பக்கம், அடையாற்றுக்கு அருகில் ஒரு கிடங்கு. பின்புறம் 60 மீட்டருக்குத் தடுப்பு வேண்டும். 20 மீட்டர் கான்கிரீட் தளம், மிச்சம் களிமண் தரை. எதிர்பார்க்கும் தண்ணீர் உயரம் அதிகபட்சம் 90 செ.மீ. மணல் மூட்டைக்குப் பதிலாக, ராணுவ முகாம்களில் வைக்கும் ஹெஸ்கோ வகைக் கூடைகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன் வைத்து, ஜனவரியில் எடுத்துவிட எண்ணம். நம் ஊரில் கிடைக்கும் கேபியன் கூடையே போதுமா? எந்த மண், எத்தனை யூனிட்? இரண்டு முனைகளையும் காம்பவுண்டு சுவரில் முட்டவிட்டு முடிக்கலாமா?

மதகு:

கேபியன் உதவாது. அது கல் நிரப்புவது. தண்ணீர் ஊடே போகட்டும் என்றே செய்யப்பட்டது. கரை அரிப்புக்கு நல்லது, தண்ணீரை நிறுத்தாது. நீங்கள் கேட்கும் கூடையில் கம்பிவலையின் உட்புறம் ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணி இருக்கும், மண் வெளியே கொட்டாது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஜிமி ஹெசல்டன் 1989-ல் தொடங்கிய ஹெஸ்கோ நிறுவனத்தின் பொருள் இது. முதல் நோக்கமே அரிப்பும் வெள்ளமும்தான். ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களெல்லாம் பிறகு வந்தவை.

கணக்கு: 1 மீ. உயரம், 1 மீ. அகலம், 10 மீ. நீளக் கூடை என்றால் 6 எண்ணிக்கை. கொள்ளளவு 60 கனமீட்டர், அதாவது சுமார் 21 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மிதித்து இறுக்கும்போது மண் அமுங்கும் என்பதால் 20 சதவீதம் கூட்டி 25 யூனிட் இறக்குங்கள். அதே உயரத்துக்கு மூட்டை அடுக்கினால் அடி அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்கு வேண்டும். குறைந்தது 90 கனமீட்டர். பாதிக்குச் சற்று மேல் நிரப்பிய சிமெண்ட் சாக்கு ஒன்றுக்கு 20 லிட்டர் என்று வைத்தால் 4500 சாக்கு. எத்தனை ஆள், எத்தனை நாள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆய்வகம் 2004-ல் விக்ஸ்பர்க்கில் இந்தக் கூடையையும் மணல் மூட்டையையும் வேறு சில தடுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தது. கூடைக்கு ஆன ஆள் உழைப்பு மூட்டைக்கு ஆனதில் சிறு பங்குதான். ஆனால் கசிவு இருந்தது. அதற்குத் தயாராக இருங்கள்.

மண்: களிமண் கலக்காத மணல் அல்லது மணற்பாங்கான சவுடு. களிமண் கட்டிகட்டியாக விழும், இறுகாது, நனைந்தால் உப்பி வலையைத் தள்ளும். கட்டிட இடிபாடு வேண்டவே வேண்டாம். சந்து வழியே தண்ணீர் ஓடும்.

கரையாள்:

தவறு நடப்பது பெரும்பாலும் நிரப்பும்போதுதான், அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

களிமண் பகுதியில் புல்லை வேரோடு சுரண்டி, 15 செ.மீ. தோண்டி மட்டப்படுத்தி, அந்தப் பள்ளத்தில் கூடையை உட்கார வையுங்கள். புல்மேல் வைத்தால் அடியிலேயே தண்ணீருக்கு வழி விட்டதாகிவிடும். கூடையை இரண்டு பக்கமும் ஆள் பிடித்து முழுதாக இழுத்து, நூல் கட்டி நேர் பார்க்க வேண்டும். துணியின் அடி மடிப்பை உள்பக்கமாக விரித்துவிடுங்கள். அதன்மேல் விழும் மண்தான் அதைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த கூடையோடு சேரும் இடத்தில் சுருள் கம்பிகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து, மேலிருந்து கீழ்வரை இணைப்புக் கம்பியைச் செருகுங்கள். கட்டுக்கம்பியால் நாலு இடத்தில் முறுக்கிவிட்டுப் போவார்கள், விடாதீர்கள். மண் ஏறியதும் அந்த இடம்தான் விரியும்.

குறுக்கு வலைகள் கூடையை அறைகளாகப் பிரித்திருக்கும். முதலில் எல்லா அறைகளிலும் 20 செ.மீ. மண். பிறகு அடுத்த 20. ஒவ்வொரு அடுக்கையும், முக்கியமாக மூலைகளை, மிதித்து இறுக்க வேண்டும். ஜேசிபி ஓட்டுநர் ஒரே அறையை விளிம்புவரை நிரப்பிவிட்டு நகரப் பார்ப்பார். அப்போது காலியான பக்கத்து அறை பக்கம் குறுக்கு வலை வளைந்து, சுவரே கோணிப் போகும். ஒருமுறை வயிறு தள்ளினால் மண்ணை அள்ளாமல் நிமிர்த்த முடியாது. வாளியை வலைக்கு அரை மீட்டருக்கு மேல் தூக்கிக் கொட்டவும் கூடாது.

நீரழுத்தம்:

மதகு சொன்ன 1 மீ. கூடை 90 செ.மீ. தண்ணீருக்குப் போதாது என்பது என் கருத்து. மீட்டருக்குத் தண்ணீர் தள்ளும் விசை சுமார் 405 கிலோ. சுவர் எடை 1700 கிலோ, அடியில் மேல்நோக்கும் அழுத்தம் 450 கிலோவைக் கழித்துவிடும். மிச்சம் 1250, உராய்வு 0.45 என்றால் தாங்குவது 560. பாதுகாப்புக் காரணி, அதாவது தாங்குவதைத் தள்ளுவதால் வகுத்தால் வருவது, 1.4 கூட வராது. 1.37 மீ. உயரம், 1.06 மீ. அகலக் கூடை வைத்தால் அது 2-க்கு மேல் போகும், தண்ணீருக்கு மேல் 47 செ.மீ. விளிம்பும் (15 செ.மீ. பள்ளத்தில் உட்காரும் இடத்தில் 32 செ.மீ.) கிடைக்கும். மண் 37 யூனிட் ஆகும். செலவு கூடத்தான், ஆனாலும் இதையே வையுங்கள்.

கசிவைத் தடுக்க பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவருக்கு அடியில் விரிக்கச் சிலர் சொல்வார்கள். கூடாது. கூடைக்கு அடித்தட்டு கிடையாது. மண் நேராகத் தரையைப் பிடிப்பதுதான் அதன் பலம். ஷீட் வழுக்கும், உராய்வு 0.25-க்கு இறங்கும், 1 மீ. கூடை அப்படியே நகர்ந்துவிடும். ஷீட்டை ஆற்றுப் பக்க முகத்தில் மட்டும், தொய்வாகப் போட்டு, தரையில் 1 மீ. முன்னால் நீட்டி மூட்டை வையுங்கள். இறுக்கிக் கட்டினால் அழுத்தத்தில் கிழியும்.

காம்பவுண்டு சுவரில் முட்டவிடாதீர்கள். ஹாலோ பிளாக் சுவர் இந்தப் பக்கவாட்டு அழுத்தத்துக்குக் கட்டப்பட்டதல்ல. அது சாய்ந்தால் உங்கள் தடுப்பை முனையிலேயே சுற்றிக்கொண்டு தண்ணீர் வரும். முனைகளை மடக்கி மேட்டு நிலத்துக்கோ கிடங்கின் பேஸ்மெண்ட் மட்டத்துக்கோ கொண்டுபோங்கள். இன்னொன்று: ஆற்றுப் புறம்போக்கிலோ வாய்க்காலிலோ ஒரு கூடைகூட இறங்கக் கூடாது, பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் திரும்பும்.

தாங்கல்:

ரொம்ப நன்றி. 1.37 மீட்டரே வைக்கிறோம். சுவருக்கு உட்பக்கம் ஊற்று மாதிரி தண்ணீர் கிளம்பினால் மூட்டை போட்டு அடைக்கலாமா? எவ்வளவு பம்பு வேண்டும்?

மதகு:

அடைக்காதீர்கள். ஊற்றைச் சுற்றி வட்டமாக மூட்டை அடுக்கி, தண்ணீர் தெளிவாக வரும் உயரம்வரை ஏற்றி, வழிய விடுங்கள். கலங்கலாக வந்தால் அடியில் மண் அரித்துக்கொண்டு போகிறது என்று பொருள். வட்டத்தை இன்னும் உயர்த்த வேண்டும். வாயை மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் வெளியே போகும் இடத்தில் பின்பாய்ச்சல் தடுப்பு வால்வு இல்லையென்றால் எல்லாம் வீண், வெள்ளம் உள்ளிருந்தே கிளம்பும். பம்பு: உள்ளே 2000 சதுர மீட்டர் பரப்பு, மணிக்கு 50 மி.மீ. மழை என்றால் மழை மட்டுமே மணிக்கு 100 கனமீட்டர். 5 எச்பி டீசல் பம்பு இரண்டு, ஒன்று ஓட ஒன்று கையிருப்பில். மின்சாரத்தை நம்பாதீர்கள்.

வாங்கும்போது, இணைப்புக் கம்பியை உருவினால் அறை திறந்துகொள்ளும் வகையா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஜனவரியில் வலையை வெட்டித்தான் மண்ணை எடுக்க வேண்டியிருக்கும். துணி வெயிலில் நைந்துபோகும். காயவைத்து மடித்துக் கூரைக்குக் கீழ் வையுங்கள்.