குரோஷேயில் போடும் பூசணி கிரானி ஸ்கொயர் பாவாடைக் கொசுவம் மாதிரி அலைகிறது. எங்கே தப்பு?

பரங்கிப்பூ:
வணக்கம். டொராண்டோ பக்கம் இருக்கிறேன். மகள் ஒன்றாம் வகுப்பு. அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு வீடு வீடாய்ப் போய் மிட்டாய் வாங்க அவளுக்கு ஒரு பை வேண்டுமாம். கடையில் விற்கிற பிளாஸ்டிக் வாளி வேண்டாமாம், அம்மா பின்னியதுதான் வேண்டுமாம். வாய் தவறி சரி என்று சொல்லிவிட்டேன். இன்னும் 12 நாள்தான் இருக்கிறது.

பை என்பது குரோஷேயில் (ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னல்) போடும் இரண்டு பெரிய சதுரம், அதாவது கிரானி ஸ்கொயர். நடுவில் ஆரஞ்சு வட்டம், அதுதான் பூசணி. அதைச் சதுரமாக்கி, சுற்றிலும் கறுப்பில் கிரானி ரவுண்டுகள், அதாவது மும்மூன்று தையலாகக் கொத்துக் கொத்தாய்ப் போடும் சுற்றுகள். பேட்டர்ன் (பின்னல் செய்முறை) இணையத்தில் காசு கொடுத்து வாங்கியது. கொக்கி ஊசி 5 மி.மீ., நடுத்தரத் தடிமனில் அக்ரிலிக் நூல், இரண்டுமே அதில் சொன்னபடிதான். மேஜிக் ரிங்கில் (நடுவில் இழுத்து இறுக்கும் நூல் வளையம்) 12 டி.சி. (டபுள் குரோஷே தையல்), அடுத்த ரவுண்டில் 24, அதற்கடுத்து 36. எண்ணிக்கையில் தப்பே இல்லை, மூன்று முறை எண்ணிவிட்டேன். ஆனால் இரண்டாவது ரவுண்டிலேயே ஓரம் அலையத் தொடங்குகிறது. மூன்றாவது முடிந்தால் பாவாடைக் கொசுவம்தான். மேசையில் வைத்து ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்புகிறது. நாலு தடவை அவிழ்த்தாயிற்று, நூல் பஞ்சாகிக்கொண்டு வருகிறது.

இன்னொன்று, ஒவ்வொரு ரவுண்டும் தொடங்குகிற இடத்தில் ஒரு திமில் முளைக்கிறது.

நான் இதற்குப் புதியவள் இல்லை. பாளையங்கோட்டையில் பள்ளியில் படித்தபோது ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்து, வெள்ளை நூலில் மேசை விரிப்பு ஓரமெல்லாம் போட்டிருக்கிறேன். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

நூல்கண்டு:
ஊசி பெரிதாக இருக்கும், தையல் தளர்ந்து பரவுகிறது என்று நினைக்கிறேன். 4 மி.மீ. ஊசியில் போட்டுப் பாருங்கள்.

பரங்கிப்பூ:
4.5-இல் போட்டுப் பார்த்தேன். கொசுவம் சின்னதாகி இன்னும் விறைப்பாக வந்தது, அவ்வளவுதான்.

கொக்கி அத்தை:
ஊசியை மாற்றினால் வட்டத்தின் அளவுதான் மாறும், வடிவம் மாறாது. அந்தத் திமில்தான் எனக்கு உறுத்துகிறது. ரவுண்டு தொடங்கும்போது எத்தனை செயின் (சங்கிலித் தையல்) போடச் சொல்லியிருக்கிறது? அப்புறம், நீங்கள் ஒரு டி.சி. போடுவது எப்படி என்று ஒவ்வொரு அசைவாகச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், காரணமாகத்தான் கேட்கிறேன்.

பரங்கிப்பூ:
3 செயின். டி.சி. என்றால் ஊசியை உள்ளே விட்டு நூலை இழுப்பேன், ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். நூலைச் சுற்றி இரண்டுக்குள்ளும் சேர்த்து இழுத்துவிடுவேன். டபுள் குரோஷே. சிஸ்டர் சொல்லித் தந்தது அதுதானே?

கொக்கி அத்தை:
அகப்பட்டது! சிஸ்டர் சொன்னதும் சரி, பேட்டர்ன் சொல்வதும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு பாஷை பேசுகிறார்கள்.

சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது பிரிட்டிஷ் பெயர்கள். உங்கள் பேட்டர்ன் அமெரிக்கப் பெயரில் இருக்கிறது. கனடாவிலும் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்கள்தான் புழங்குகின்றன. பிரிட்டிஷ்காரர் டபுள் என்பதை அமெரிக்கர் சிங்கிள் என்பார். பிரிட்டிஷ் ட்ரெபிள்தான் அமெரிக்க டபுள். பிரிட்டிஷ் டபுள் ட்ரெபிள் அமெரிக்காவில் வெறும் ட்ரெபிள். ஒவ்வொன்றும் ஒரு படி தள்ளி நிற்கும். நீங்கள் போடவேண்டியது சிஸ்டர் ட்ரெபிள் என்று சொல்லித் தந்ததை: முதலில் ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டு, பிறகு உள்ளே விட்டு இழுத்து, இரண்டிரண்டு கண்ணியாகக் கழிப்பது.

திமில் வந்ததும் இதனால்தான். 3 செயின் என்பது அமெரிக்க டபுளின் உயரம். பக்கத்தில் நீங்கள் அதில் பாதி உயரத் தையலைப் போட்டால் அது எட்டிப் பார்க்காமல் என்ன செய்யும்?

கொசுவத்துக்குக் காரணம் பள்ளிக்கூடக் கணக்கு. வட்டத்தின் ஆரம் ஒரு தையல் உயரம் கூடினால், சுற்றளவு அந்த உயரத்தைப் போல 6.28 மடங்கு கூடும். சிங்கிள் தையல் ஏறத்தாழ உயரமும் அகலமும் ஒன்றாக இருக்கும், அதனால் ரவுண்டுக்கு 6 தையல் கூட்டினால் தட்டையாகப் படியும். டபுள் அதைப்போல இரண்டு மடங்கு உயரம், அதற்கு 12 வேண்டும். நீங்கள் குட்டைத் தையலைப் போட்டுக்கொண்டு நெட்டைத் தையலுக்கான 12-ஐக் கூட்டியிருக்கிறீர்கள். மிஞ்சின 6 தையலும் எங்கே போகும், கொசுவமாகத்தான் எழும்பும். இதுவே தலைகீழாக, நெட்டைத் தையலுக்கு 6 மட்டும் கூட்டியிருந்தால் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும்.

அடுத்த முறை பேட்டர்னில் எங்காவது சிங்கிள் அல்லது எஸ்.சி. என்று இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கப் பேட்டர்ன். இப்போதைய பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் என்ற பெயர் பொதுவாக வராது.

நூல்கண்டு:
அடடா. இரண்டு வருடம் முன்பு என் தொப்பி ஒன்று தோசைக்கல் மாதிரி விரிந்தது ஏன் என்று இப்போது புரிகிறது.

பரங்கிப்பூ:
அத்தை, உங்கள் கையைக் கொடுங்கள்! வட்டம் அப்பளம் மாதிரி படிந்துவிட்டது. திமிலும் இல்லை. சரி, அடுத்து 36 தையல் வட்டத்தைச் சதுரமாக்குகிற ரவுண்டு. அந்த வரி மட்டும் தலை சுற்றுகிறது. நான்கு விதத் தையல் கலந்து வருகிறது.

கொக்கி அத்தை:
36-ஐ நாலு பக்கத்துக்குப் பிரித்தால் பக்கத்துக்கு 9. அதில் ஒன்று மூலை. மூலைத் தையலுக்குள்ளேயே 2 ட்ரெபிள், 2 செயின், 2 ட்ரெபிள். மிச்சம் 8 தையலில் ஒன்றுக்கு ஒன்றாக 2 டபுள், 1 ஹாஃப் டபுள் (சிங்கிளுக்கும் டபுளுக்கும் இடைப்பட்ட உயரம்), 2 சிங்கிள், 1 ஹாஃப் டபுள், 2 டபுள். மறுபடியும் மூலை. எல்லாம் அமெரிக்கப் பெயர்கள், மறந்துவிடாதீர்கள். மூலையில் நெட்டை, பக்கத்தின் நடுவில் குட்டை. அதனால்தான் வட்டம் சதுரமாகிறது. முடித்ததும் ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் நடுவே 12 தையல் இருக்கவேண்டும். அங்கிருந்து கறுப்பு. மூலை இடைவெளியில் 3 டபுள், 2 செயின், 3 டபுள். பக்கத்தில் 3, 6, 9-ஆம் தையல்களுக்கு அடுத்து வரும் இடுக்குகளில் மும்மூன்று டபுள்.

பரங்கிப்பூ:
நாலு நாள் கழித்து வந்திருக்கிறேன். முதல் சதுரத்தில் கறுப்பு ஆறு ரவுண்டு முடிந்தது. ஆனால் சதுரம் நேராக நிற்காமல் காற்றாடி மாதிரி ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு நிற்கிறது. எண்ணிக்கை சரி, இந்த முறை பெயரும் சரி. இரவில் கறுப்பு நூல் கண்ணுக்கே தெரிவதில்லை என்பது தனிக்கதை.

மழைத்துளி:
ஒவ்வொரு ரவுண்டையும் வேறு மூலையில் தொடங்குங்கள், திருகல் குறையும்.

கொக்கி அத்தை:
இணைப்பு ஒரே இடத்தில் சேராமல் இருக்க அது நல்லது. திருகலுக்கு அது போதாது. வலக்கையால் பின்னும்போது தையலின் தலை அதன் தண்டுக்கு நேர் மேலே உட்காராது, லேசாக வலப்பக்கம் தள்ளித்தான் உட்காரும். எப்போதும் ஒரே பக்கத்தைப் பார்த்தே சுற்றினால் அந்தத் தள்ளல் ரவுண்டுக்கு ரவுண்டு சேர்ந்துகொண்டே போகும். ஒரு ரவுண்டு முடிந்ததும் சதுரத்தைத் திருப்பி, அடுத்ததைப் பின்பக்கத்திலிருந்து போடுங்கள். ஒன்று வலம் சாய்ந்தால் அடுத்தது இடம், கணக்கு நேராகிவிடும். பூசணி வட்டம் மூன்றே ரவுண்டு, அதைத் திருப்ப வேண்டாம், முகம் வரும் இடம் சுத்தமாக இருக்கட்டும். கறுப்பை மட்டும் திருப்பினால் போதும்.

கறுப்பு தெரிய மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள், ஓட்டை எல்லாம் பளிச்சென்று தெரியும். நல்லவேளை, கிரானி ரவுண்டில் ஊசி தையலுக்குள் போகாமல் இடைவெளியில் போகிறது. விரலாலேயே தடவிப் போடலாம்.

மழைத்துளி:
மிட்டாய்ப் பை என்றீர்களே. கிரானி இடுக்கு வழியாகச் சின்னச் சின்னச் சாக்லேட் எல்லாம் தெருவெங்கும் விழும்! உள்ளே துணி தைத்தே ஆகவேண்டும். பழைய பருத்திச் சேலைத் துண்டு போதும். கைப்பிடி சிங்கிள் தையலில் நெருக்கமாகப் போடுங்கள், டபுளில் போட்டால் மிட்டாய்ப் பாரத்துக்கு முழங்கால் வரை இழுபடும். அப்புறம் கறுப்புப் பை இருட்டில் தெரியாது, கைப்பிடியில் ஒளி பட்டால் மின்னுகிற டேப் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள்.

நூல்கண்டு:
பூசணிக்கு முகம் எப்படி? நம் ஊரில் திருஷ்டிக்கு வாசலில் கட்டுவார்களே, மீசை வைத்த பூசணி, அப்படி ஒன்று போடுங்கள் அக்கா. அந்தத் தெருவிலேயே வேறு யாரிடமும் இருக்காது.

கொக்கி அத்தை:
முகம் எதுவானாலும் இரண்டு சதுரத்தையும் சேர்ப்பதற்கு முன்பே தைத்துவிடுங்கள், பிறகு பின்பக்கம் கை போகாது. முடிவில் மிஞ்சித் தொங்கும் கறுப்பு வால் நூலை ஆரஞ்சுக்குள் ஒளிக்காதீர்கள், முன்பக்கம் நிழலடிக்கும். அக்ரிலிக் மேல் அயர்ன் பாக்ஸ் படவே கூடாது, நூல் உருகித் துவண்டுவிடும். அளவாய்க் குண்டூசி குத்தி விரித்து, மேலே தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள், ஆறினபின் எடுங்கள்.

பரங்கிப்பூ:
கறுப்பு முழுவதையும் அவிழ்த்து, திருப்பித் திருப்பிப் போட்டேன். மூலைக்கு மூலை நேராக வந்துவிட்டது. இரண்டாவது சதுரம் ஒரே மூச்சில் முடிந்தது. உள்துணிக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையின் கிழிந்த பக்கம். முகம் இன்று இரவு. மீசை வைத்தே ஆகவேண்டும் என்கிறார் கணவர், பூசணிக்கு மீசை இருந்தால் வகுப்பில் சிரிப்பார்கள் என்கிறாள் மகள். வழக்கு இன்னும் தீரவில்லை.