பென் டிரைவைச் செருகியவர் மேல் மட்டும்தான் தப்பா?

ஷிப்ட் சூப்பர்வைசர்:
எங்கள் ஆலையில் போன வாரம் ஒரு ஆபரேட்டருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். சர்வீஸுக்கு வந்தவர் நீட்டிய பென் டிரைவை அவர் எச்எம்ஐ பேனலில், அதாவது இயந்திரத்தை இயக்கும் திரையில், செருகினார். வைரஸ் ஏறி லைன் நான்கு மணி நேரம் நின்றது. "வருடா வருடம் வகுப்பு எடுக்கிறோமே" என்று கேட்டார்கள். அந்த வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். முழுக்க மின்னஞ்சல் மோசடி பற்றித்தான் பேசினார்கள். அந்த ஆபரேட்டருக்குக் கம்பெனி மின்னஞ்சலே கிடையாது! இந்த வகுப்புகள் வீண். யுஎஸ்பி போர்ட்டைப் பூட்டுங்கள், ஆளை விட்டுவிடுங்கள்.

ஐடி பாதுகாப்பு:
மெமோ கொடுத்தது தப்புதான். ஆனால் வகுப்பே வீண் என்றால் ஏற்க மாட்டேன். 2019 மார்ச்சில் நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனம் முடங்கியது எதனால்? தெரிந்த வாடிக்கையாளரிடமிருந்து வந்த மின்னஞ்சலுடன் இணைத்திருந்த கோப்பை ஒரு ஊழியர் திறந்தார். உள்ளே நுழைந்தவர்கள் சில மாதம் பதுங்கியிருந்துவிட்டு கணினிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டினார்கள். ஜெர்மனியில் ஓர் உருக்காலையிலும் மின்னஞ்சல் வழியாகத்தான் நுழைந்தார்கள். கடைசியில் ஊதுலையை முறையாக நிறுத்த முடியாமல் பெரும் சேதம். அந்நாட்டு அரசின் 2014 அறிக்கையிலேயே இது இருக்கிறது.

பராமரிப்புப் பிரிவு:
2017ஐ மறந்துவிட்டீர்களா சார்? கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் வந்தபோது ரெனோ கார் ஆலைகளில் உற்பத்தி நின்றது. அது பரவ யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. மார்ச்சிலேயே அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்துவிட்டது, தாக்குதல் மே மாதம். அடுத்த மாதமே நாட்பெட்யா என்ற இன்னொரு வைரஸ், அதுவும் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக. ஆபரேட்டர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் இதை எப்படித் தடுப்பார்?

ஐடி பாதுகாப்பு:
2018இல் தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சியில் நடந்ததையும் பாருங்கள். புது இயந்திரத்தை வைரஸ் ஸ்கேன் செய்யாமலே நெட்வொர்க்கில் இணைத்தார்கள், வான்னாக்ரையின் ஒரு வகை பரவியது. "ஸ்கேன் ஆகிவிட்டதா?" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியைத்தான் பழக்க வேண்டும் என்கிறேன்.

ஷிப்ட் சூப்பர்வைசர்:
கேட்கிற நிலையிலா வைத்திருக்கிறீர்கள்? எங்கள் பேனலுக்கு மூன்று ஷிப்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதியிருக்கும், எண்ணெய் பட்டு கடைசி எழுத்து பாதி அழிந்துவிட்டது. போன வருடம் திரை ஐந்து நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும்படி எங்கள் ஐடி ஆட்கள் மாற்றினார்கள். அலாரம் அடிக்கிறது, கையில் தடித்த கையுறை, பாஸ்வேர்டு விழவில்லை. அப்புறம் யார்தான் லாக் அவுட் செய்வார்கள்?

ஐடி பாதுகாப்பு:
அது ஐடி தரப்பின் பிழை. அங்கே பாஸ்வேர்டுக்குப் பதில் அடையாள அட்டை காட்டும் முறை வந்திருக்க வேண்டும். ஆனால் தளத்து ஆட்களுக்குப் புரியும் பாடங்களும் இருக்கின்றன. 2017இல் சவுதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் பாதுகாப்புக் கன்ட்ரோலரையே, அதாவது ஆபத்து வந்தால் ஆலையைத் தானாக நிறுத்தும் கருவியையே, ட்ரைட்டன் என்ற மால்வேர் குறிவைத்தது. கன்ட்ரோலரின் சாவியை, நிரலை மாற்ற விடும் 'புரோகிராம்' நிலையிலேயே விட்டிருந்ததுதான் வழி திறந்தது. சாவி ஏன் 'ரன்'னில் இருக்க வேண்டும் என்று ஷிப்ட் தொடங்கும்போது இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று ஐந்து நிமிடம் சொன்னால் யாரும் மறக்க மாட்டார்கள்.

பராமரிப்புப் பிரிவு:
இது சரி. ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் எங்கள் ஃபோர்மேன்.

ஷிப்ட் சூப்பர்வைசர்:
ஒன்று சொல்கிறேன். நேற்று வேறொரு பேனலில் ஏதோ ஒரு விண்டோ தானாகத் திறந்து மூடியது. பார்த்த பையன் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, "ஐடிக்குத் தெரிய வேண்டாம் அண்ணா, எனக்கும் மெமோ வந்துவிடும்" என்று கெஞ்சினான்.

ஐடி பாதுகாப்பு:
அவன் பெயரைச் சொல்லவே வேண்டாம். நீங்களே பார்த்ததாக உங்கள் ஐடியிடம் இப்போதே சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அந்தப் பேனலை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், தடயம் அழிந்துவிடும்.

ஷிப்ட் சூப்பர்வைசர்:
போகிறேன். அந்த மெமோவைத் திரும்ப வாங்கச் சொல்லியும் கேட்கப்போகிறேன்.