44 வயசுல எம்.டிஹெச். (இறையியல் முதுகலை) படிக்கப் போகலாமா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க

தேரிக்காட்டுக் குரு எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் தெற்கத்திச் சீமையில ஒரு சேகர குரு (பாதிரியார்). மதுரை அரசரடியில, தமிழ்நாடு இறையியல் கல்லூரியில, தமிழ்லயே பி.டி. (இறையியல் இளங்கலை) முடிச்சு 16 வருஷம் ஆச்சு. இப்ப என் பொறுப்புல ஆறு சபை, உதவிக்கு உபதேசியார் ரெண்டே பேர். ஞாயித்துக்கிழமை விடியக்காலம் பைக்க எடுத்தா மத்தியானச் சோத்துக்குத்தான் குருமனைக்கு (குரு குடியிருக்கிற சபை வீடு) திரும்புவேன். இதுல படிப்பு எங்க வந்துச்சுன்னு கேப்பீங்க.

போன அசனத்துல, அதான் சபையா சேர்ந்து சமைச்சுச் சாப்பிடுற கோயில் விருந்துல, வந்துச்சு. சனிக்கிழமை ராத்திரி கோயில் வளாகத்துல எல்லாரும் சுத்தி உக்காந்து கத்தரிக்கா நறுக்கிட்டிருக்கோம். சென்னையில ஐ.டி. வேலை பாக்குற எங்க சபைப் பையன் ஒருத்தன், நான் திடப்படுத்தல் வகுப்பு எடுத்த பையன்தான், திடீர்னு கேட்டான்: "ஐயா, ஏசாயா தீர்க்கதரிசி உசியா ராஜா காலத்து ஆளு. பாரசீக ராஜா கோரேசு பாபிலோனைப் பிடிச்சது கி.மு. 539. நடுவுல நூத்தம்பது வருஷத்துக்கு மேல இருக்கு. ஏசாயா புஸ்தகம் 45ஆம் அதிகாரத்துல கோரேசு பேரையே சொல்லி எழுதியிருக்கே, எப்படிய்யா?" கத்தி ஓடிக்கிட்டிருந்த கையெல்லாம் நின்னு போச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கர்த்தரால ஆகாதது ஒண்ணுமில்ல தம்பி, அந்த வாளியை இங்கிட்டுத் தள்ளு"ன்னேன்.

எனக்குப் பதில் தெரியாதுன்னா பரவாயில்ல. தெரியும். 40ஆம் அதிகாரத்துல இருந்து பாபிலோன் சிறையிருப்புக் காலத்துல வேற ஒருத்தர் பேசுறாருங்கிறதைப் பத்தி பரீட்சையில ஆறு பக்கம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினவன் நான். 16 வருஷத்துல ஒரு தடவைகூடப் பிரசங்க பீடத்துல வாயைத் திறக்கல.

அதுல இருந்து பழைய ஏற்பாட்டுல எம்.டிஹெச். பண்ணணும்னு ஒரே அரிப்பு. ஆனா எபிரெயம் மறந்துபோச்சு. பரண்ல இருந்து இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் பாத்தா பாதியைக் கரையான் தின்னிருக்கு, மீதியில என் பென்சில் எழுத்து எனக்கே புரியல. இங்கிலீஷ் வாசிப்பேன், எழுத வராது. பிள்ளைகள் ஒம்பதாவதும் ஆறாவதும். சேகரத்துல இருந்துகிட்டே பண்ற டி.மின். (ஊழிய முனைவர் பட்டம்) நல்லதுன்னு ஒரு நண்பர் சொல்றார். இதுக்கு நடுவுல இன்னொருத்தர் போன் போட்டு, 40 ஆயிரம் கட்டினா ஆறு மாசத்துல டாக்டர் பட்டம், அங்கியும் தொப்பியும் அவங்களே தருவாங்களாம்! போயிட்டு வந்தவங்க பூசி மெழுகாம சொல்லுங்க.

—

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

ஐயா, இருபது வருடத்திற்கு மேல் பழைய ஏற்பாடு கற்பித்தவன். முதலில் அந்த 40 ஆயிரத்தை முடித்துவிடுகிறேன். நம் நாட்டில் பட்டம் தரும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அந்த அதிகாரத்தைத் தந்த நிறுவனங்களுக்கும்தான். 1956ஆம் வருட யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22ஆம் பிரிவைப் பாருங்கள். நம் இறையியல் பட்டங்களைத் தரும் வங்காளத்துச் செராம்பூர் கல்லூரிக்கு அந்த உரிமை டென்மார்க் அரசரின் 1827ஆம் வருட சாசனத்தாலும் 1918ஆம் வருட வங்காளச் சட்டத்தாலும் வந்தது. டென்மார்க் அரசருக்கு அங்கே என்ன வேலை என்றால், நம் தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் அவர் வசம் இருந்த ஊர். இரண்டையும் 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். நீங்கள் வாங்கிய பி.டி.யும் செராம்பூர் பட்டம்தான். அதன் மேல் அங்கியும் தொப்பியும் எதற்கு?

எம்.டிஹெச். என்பது முழுநேரமாக இரண்டு வருடம். முதல் வருடம் பாடங்களும் கருத்தரங்கக் கட்டுரைகளும், இரண்டாம் வருடம் ஆய்வேடு. பழைய ஏற்பாடு எடுத்தால் எபிரெயம் இல்லாமல் நகராது. டி.மின். வேறு சாதி. உங்கள் சேகரத்தின் ஒரு பிரச்சினையையே ஆய்வுப் பொருளாக எடுத்து, ஊழியத்தில் இருந்தபடியே செய்வது. அசனம் எப்படி நடக்கிறது, யார் சமைக்கிறார்கள், யார் எந்தப் பந்தியில் உட்காருகிறார்கள் என்று ஆராய அது பொருத்தம். கோரேசுக்குப் பொருந்தாது.

ஒரு ருசி காட்டுகிறேன். ஏசாயா 45:1இல் நம் தமிழ் வேதாகமம் கோரேசைக் கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர் என்கிறது. எபிரெயத்தில் அது 'மெஷீஹோ', அதாவது 'அவருடைய மேசியா', நாம் இயேசுவுக்குச் சொல்லும் பட்டம். இஸ்ரவேலின் தேவனை அறியாத ஒரு பாரசீக ராஜாவுக்கு அந்தச் சொல்! தமிழில் வாசிக்கும்போது இந்த அதிர்ச்சி நமக்குத் தெரிவதில்லை. அந்தப் பையன் கேட்ட 'எப்படி'யை விட எனக்கு இதுதான் பெரிய கேள்வி. இன்னொன்று, அவனுடைய கேள்வியும் புதிதல்ல. ஜெர்மானிய வேத ஆய்வாளர் பெர்ன்ஹார்ட் டூம் ஏசாயாவை மூன்றாகப் பகுத்து விளக்கவுரை எழுதியது 1892இல். சபையில் சொல்ல இன்னும் எத்தனை வருடம் காத்திருக்கப் போகிறோம்?

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். முதல் கட்டுரை சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வரும். ஐந்தாவது கட்டுரையில் சரியாகிவிடும்.

—

குருமனைக்காரி எழுதியது:

ஐயா, நான் ஒரு ஐயரம்மா, அதான் குருவோட மனைவி. வாத்தியார் ஐயா புத்தகக் கணக்குச் சொல்லிட்டாங்க, நான் வீட்டுக் கணக்குச் சொல்றேன். எங்க வீட்டுக்காரங்க பெங்களூர்ல எம்.டிஹெச். படிச்சாங்க. ஸ்டடி லீவ் ஆர்டர் வந்த மறுவாரமே புது ஐயர் வந்துட்டாங்க. குருமனை அவங்களுக்கு. நானும் ரெண்டு பிள்ளைகளும் எங்கம்மா வீட்டு முன்ரூம்ல ரெண்டு வருஷம். பீரோவை வைக்க இடமில்லாம திண்ணையில தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தோம், மழைத்தண்ணி இறங்கி அவங்க பிரசங்க நோட்டு எல்லாம் ஒட்டிப்போச்சு. ஒம்பதாவது படிக்கிற பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாத்தாதீங்க. பத்தாவது முடியட்டும், அதுக்குள்ள எபிரெயம் படிங்க. உதவித்தொகை, பாதிச் சம்பளம், எதுவா இருந்தாலும் எழுத்துல வாங்கிட்டுக் கிளம்புங்க. எங்களுக்கு வாய்வார்த்தையா சொன்னது மூணாவது மாசம் காணாமப் போச்சு.

படிச்சுட்டு வந்த பிறகு மனுஷன் மாறினாங்களான்னு கேட்டா, பிரசங்கம் அஞ்சு நிமிஷம் குறைஞ்சுச்சு. அதுக்கே சபையார் கல்லூரிக்கு நன்றி சொன்னாங்க.

—

ஓலைக்கொட்டகை பாஸ்டர் எழுதியது:

நான் பெந்தெகொஸ்தே ஊழியன், ஐயர்மாருக்கு நடுவுல பேசலாமில்லையா? அந்த 40 ஆயிரம் பட்டத்தை நான் வாங்கியிருக்கேன். எனக்கு 25 ஆயிரம்தான் ஆச்சு, அப்ப விலை கம்மி. ஒரு ஹோட்டல் ஹால்ல முப்பது பேருக்கு ஒரே மேடையில கொடுத்தாங்க. கொடுத்த கம்பெனிப் பேரு வேண்டாம், இப்ப அதுவும் இல்ல. கன்வென்ஷன் பிளெக்ஸ்ல பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டேன். பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தங்க பேரனுக்குக் காய்ச்சல்னு தூக்கிட்டு வந்துட்டாங்க. ஜெபம் பண்ணி, ஆட்டோ பிடிச்சு ஜி.எச்.சுக்கு அனுப்பினேன். மறுநாளே பிளெக்ஸைக் கழட்டிட்டேன், இப்ப அது கொட்டகைக்கு மேல ஒழுகுற இடத்துல கிடக்கு.

இப்ப செராம்பூர்ல வெளிநிலையில பி.சி.எஸ். (கிறிஸ்தவக் கல்வி இளங்கலை) எழுதிக்கிட்டிருக்கேன். பகல்ல டூவீலர் ஒர்க்‌ஷாப், ராத்திரி அசைன்மென்ட். உங்களுக்கு லீவுன்னு ஒண்ணு கொடுக்கவாவது மேல ஆள் இருக்காங்க பிரதர், போய்ப் படிங்க.

—

தேரிக்காட்டுக் குரு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாஸ்டர், அந்த பிளெக்ஸ் கதையை என் மனைவிக்கு வாசிச்சுக் காட்டினேன், சிரிச்சு முடிக்கல. ஐயரம்மா சொன்ன பீரோ கதையையும் வாசிச்சேன், அதுக்குச் சிரிக்கல. எங்க பீரோவைப் போய்ப் பாத்துட்டு வந்தா.

முடிவு பண்ணியாச்சு. மூத்தவ பத்தாவது முடிக்கட்டும். அதுவரை தினம் விடியக்காலம் ஒரு மணி நேரம் எபிரெயம். கூடப் படிச்சவர் ஒருத்தர் கரையான் தின்னாத புத்தகம் அனுப்புறேன்னிருக்கார். டி.மின்.னை விட்டுட்டேன்.

இன்னொண்ணும் நடந்துச்சு. நேத்து புதன்கிழமை வேதபாடத்துல ஏசாயா 40ஐ எடுத்தேன். பதினேழு பேர் வந்திருந்தாங்க. இதைப் பேசினவர் பாபிலோன்ல சிறையிருந்த ஜனத்துக்கு நடுவுல இருந்தவரா இருக்கலாம், ஏசாயாவோட வழியில வந்த ஒருத்தர்னு சொன்னேன். வாத்தியார் சொன்ன மேசியாச் சொல்லையும் சொன்னேன். உள்ளங்கையெல்லாம் வேர்த்துருச்சு. யாரும் எந்திரிச்சுப் போகல. கமிட்டிச் செயலாளர் மட்டும் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே, "ஐயா, இது பேராயருக்குத் தெரியுமா?"ன்னாரு. பேராயருக்கும் பரீட்சையில இதான் கேட்டிருப்பாங்கன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, அடுத்த புதனும் இதேதானான்னு கேட்டாரு. ஆமான்னேன். நோட்டு கொண்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. படிக்கவா, புகார் எழுதவான்னு தெரியல.